மருந்து உண்பதும் ஒரு விரதம்

 

மதுரை மாநகரின் வடகிழக்கு வாயிலாக விளங்குவது மாட்டுத்தாவணி. இன்று அப்பெயரைக் கேட்டவுடன் பேருந்து நிலையமே கண்முன் நிற்கும். பூச்சந்தையும் காய்கறிச் சந்தையும் அடுத்து நினைவுக்கு வரும். ஆனால் தாவணி என்னும் சொல்லுக்குப் பழம்பொருள் வேறு. பல மாடுகளை வரிசையாகக் கட்டுதற்குரிய நீண்ட கயிறு தாவணி எனப்படும்; மாடுகள் விற்கும் சந்தைக்கும் அதுவே பெயர். நெடிய கயிறு ஒன்று, அதில் இடைவெளி விட்டுப் பல பிணைப்புகள். ஒரு முளை பெயர்ந்தாலும் கயிறு முழுவதும் தளரும். அடக்கி வைத்த காளை அவிழ்த்துக்கொண்டு ஓடும். மருத்துவர் எழுதித் தரும் மருந்துச் சீட்டும் இத்தகைய தாவணியே. ஒவ்வொரு வேளை மருந்தும் ஒரு முளை. இவ்வுரை அக்கயிற்றைப் பற்றியது. குறிப்பாக, சர்க்கரை நோயாளியின் காலில் கிருமி புகுந்தபோது வாய்வழி உண்ணும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைப் பற்றியது.

விழா மலரில் நோயைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் எனத் தானத்தை நான்காக வகுத்து, மருந்தை உணவுக்கு அடுத்து வைத்தது சமணம். அந்நெறியில் நின்ற புலவர்கள் தம் நீதிநூல்களுக்கு மருந்தின் பெயரையே சூட்டினர். காரியாசான் இயற்றியது சிறுபஞ்சமூலம். கணிமேதாவியார் இயற்றியது ஏலாதி. இருவரும் மதுரைத் தமிழாசிரியர் மாக்காயனாரின் மாணாக்கர் என்பது மரபு. கண்டங்கத்திரி முதலிய ஐந்து வேர்களின் பெயரால் ஒரு நூலும், ஏலம் முதல் சுக்கு ஈறாக ஆறு சரக்குகளின் பெயரால் மற்றொரு நூலும் வழங்குகின்றன. ஏலாதிச் சூரணத்தில் ஏலம் ஒரு பங்கு, இலவங்கம் இரண்டு பங்கு என ஏறிச் சென்று சுக்கு ஆறு பங்கில் முடியும். அளவு தவறினால் அது ஏலாதி ஆகாது. மருந்துக்கு அளவும் முறையும் உயிர் என்பதைத் தமிழ்ச் சமணர் நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தனர்.

மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர்ச் சாலையில் சற்றுத் தொலைவு சென்றால் ஒத்தக்கடை. அங்கே படுத்த யானையைப் போலக் கிடப்பது யானைமலை. அதன் மேல் குகைத்தளத்தில் முனிவர் உறைந்த கற்படுக்கைகளும் தமிழிக் கல்வெட்டும் உள்ளன. பாறை முகப்பில் அருகர் திருவுருவங்களும் அச்சணந்தி அடிகளின் பெயரும் உள்ளன. அதற்கப்பால் அரிட்டாபட்டி, கீழவளவு. நகரின் மேற்கே கீழக்குயில்குடிச் சமணர்மலை. வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களிலிருந்து இம்மலைகளைத் தொழ வரும் குடும்பங்கள் இரவுப் பேருந்தில் ஏறி விடியலில் மாட்டுத்தாவணியில் இறங்குகின்றன. பக்தியுடையோர் காலணியைக் கழற்றி வைத்துவிட்டே பாறை ஏறுகின்றனர். மதுரைச் சமவெளியின் வெயிலில் அப்பாறை நண்பகலுக்கு முன்னரே கொதிக்கத் தொடங்கிவிடும்.

அவ்வாறு வரும் அறுபது வயதுப் பெரியவர் ஒருவரை மனத்தில் எண்ணிக்கொள்க. பதினைந்து ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரை நோய். பாதத்து நரம்புகள் உணர்விழந்திருப்பதை அவர் அறியார். சூடு உறைக்கவில்லை, அதைத் தம் வைராக்கியம் என்று கருதி மகிழ்கிறார். ஊர் திரும்பிய நான்காம் நாள் மருமகள்தான் காண்கிறாள்: “மாமா, காலில் என்ன, கொப்புளம் உடைந்து சிவந்திருக்கிறதே?” அவருக்கு வலியே இல்லை. மருத்துவர் புண்ணைச் சுத்தம் செய்து, பதினான்கு நாளைக்கு மாத்திரை எழுதித் தருகிறார். ஐந்தாம் நாள் சிவப்பு மறைகிறது. ஆறாம் நாள் நோன்பு. ஏழாம் நாள் உறவினர் வீட்டுத் திருமணத்திற்கு வெளியூர்ப் பயணம். எட்டாம் நாள் மாத்திரைக் கீற்று அலமாரியிலேயே கிடக்கிறது. இப்பெரியவர் கற்பனை; ஆயினும் இவரை அறியாத குடும்பம் அரிது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் இணைந்து நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கின்றனர். சர்க்கரை நோயால் கால் துண்டிக்கப்பட்டோரின் வரலாற்றைப் பின்னோக்கிப் பார்த்தால், பெரும்பாலும் ஒரு சிறு புண்ணில்தான் அது தொடங்கியிருக்கும். அப்புண்ணுக்கும் அந்த அறுவைக்கும் இடையில் பல வாசற்கதவுகள் உண்டு. மருந்தை ஒழுங்காக உண்பது அவற்றுள் ஒன்று. அதை மருந்தொழுக்கம் என்று அழைக்கலாம்.

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியைச் சமணர் அறிவர். வீடுபேற்றிற்குரிய அவ்வழியை உடல்நோய்க்கு அப்படியே பொருத்துவது தகாது; எனினும் மெய்யைக் காணல், அறிதல், அதன்படி நடத்தல் என்னும் வரிசை மருந்துக்கும் பொருந்தும்.

முதலாவது, மெய்யை மெய்யாகக் காணல். வலியின்மை நலமன்று. முள் தைத்தால் துடிக்கின்ற கால் தன் உடையவரைக் காக்கிறது. உணர்விழந்த கால் அப்பணியை விட்டுவிட்டது. ஆகவே வலியை அளவுகோலாகக் கொண்டு மருந்தை நிறுத்துவோர், ஓடாத கடிகாரத்தைப் பார்த்துப் பேருந்துக்குப் புறப்படுவோரை ஒப்பர். சிவப்பு மறைந்தது என்பதும் முழுச் சான்று ஆகாது. தோலின் மேற்பரப்பு அடங்கிய பின்னும் ஆழத்தில், சில வேளை எலும்பிலேயே, கிருமி தங்கியிருக்கக்கூடும். நுண்ணிய இரத்தக் குழாய்களும் பெரிய குழாய்களும் குறுகிய காலில் மருந்து சென்று சேர்வதே மெதுவாக நிகழ்கிறது.

மற்றொன்றையும் காண வேண்டும். மாத்திரை மட்டும் புண்ணை ஆற்றாது. சீழை வெளியேற்றலும், இறந்த தசையை அகற்றலும், அந்தக் காலில் எடை விழாமல் காத்தலும், சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைத்தலும், இரத்த ஓட்டம் போதுமா என்று பார்த்தலும் கூடவே நிகழ வேண்டும். வினை நீங்கும் முறையை விளக்குமிடத்துச் சமண நூல்கள் செறிப்பை முன்னும் உதிர்ப்பைப் பின்னும் வைக்கும். புதிய வினை ஊறும் வழியை அடைக்காமல் பழவினையை உதிர்க்க முயல்வது ஓட்டைப் படகில் நீர் இறைப்பது போன்றது. புண்ணின் மேலேயே நாள் முழுதும் நடந்துகொண்டு மாத்திரை உண்பதும் அத்தகையதே.

இரண்டாவது, அறிதல். எத்தனை நாள் உண்ண வேண்டும்? சர்க்கரை நோயாளியின் பாதத்திற்கென 2023இல் வெளியிடப்பட்ட பன்னாட்டு வழிகாட்டி நெறிகள், தோலும் தசையும் மட்டும் தாக்குண்டால் பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரம் என்கின்றன. தொற்று பரவலாக இருந்து மெதுவாகக் குறைந்தாலோ, இரத்த ஓட்டம் மிகக் குறைந்திருந்தாலோ மூன்று நான்கு வாரம் வரை நீட்டலாம். எலும்பைத் தாக்கி, அந்த எலும்பு அகற்றப்படாதிருந்தால் ஏறத்தாழ ஆறு வாரம். கிருமித்தொற்றின் அறிகுறி இல்லாத வெறும் புண்ணுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கொடுக்கக் கூடாது என்பதும் அந்நெறியே. ஆகவே ‘அண்டை வீட்டாருக்கு ஐந்து நாள்தானே’ என்ற ஒப்பீடு பயனற்றது. அவர் புண் வேறு, இவர் புண் வேறு.

ஊசி மருந்தே வலிமையானது, மாத்திரை வலிமையற்றது என்ற எண்ணமும் பரவலாக உள்ளது. இங்கிலாந்தில் 1,054 நோயாளிகளைக் கொண்டு நிகழ்த்தி 2019இல் வெளியிட்ட ஓர் ஆய்வு, எலும்பு மூட்டுத் தொற்றுகளில் முதல் ஆறு வாரம் தக்க மாத்திரை உண்டவர்கள் ஊசிவழி மருந்து பெற்றவர்களுக்குக் குறையாத பலன் பெற்றதைக் காட்டியது. ஆனால் ஊசி போடுபவர் வேளை தவறாமல் வருவார். மாத்திரையோ உண்பவரின் ஒழுக்கத்தை நம்பியே நிற்கிறது. கடுந்தொற்றுக்கு முதலில் ஊசி தேவைப்படும் என்பதையும், எது எவர்க்கு என்பதை மருத்துவரே துணிய வேண்டும் என்பதையும் மறத்தலாகாது.

முன்பெல்லாம் ‘தொடங்கிய மருந்தை எப்போதும் கடைசி மாத்திரை வரை முடிக்க வேண்டும்’ என்றே எல்லோரும் கூறினர். இன்று அறிஞர் சற்றுத் திருத்திச் சொல்கின்றனர்: தேவைக்கு மேல் நீட்டுவதும் தீங்கே, அது உடலில் உள்ள பிற நுண்ணுயிர்களை மருந்துக்கு அடங்காதவையாகப் பழக்குகிறது. எனவே மருத்துவர் ஒருகால் நாளைக் குறைக்கலாம். குறைக்கும் உரிமை அவருடையது, நோயாளியுடையது அன்று. நிறுத்தத் தோன்றினால் நிறுத்துவதற்கு முன் அவரைக் கேட்க வேண்டும். மிஞ்சிய மாத்திரையை அடுத்த புண்ணுக்கென எடுத்து வைப்பதும், பிறர்க்கு ஈவதும் ஔஷத தானம் ஆகாது. கீற்றின் மேல் நெடுக ஓடும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டின்றி இதை உண்ணாதே என்று சொல்லும் எல்லைக்கோடு.

மூன்றாவது, ஒழுகுதல். இங்கேதான் சமணக் குடும்பங்களுக்கே உரிய சில கேள்விகள் எழுகின்றன. அவற்றை வெளிப்படையாகப் பேசாமையால்தான் பல மாத்திரைகள் அலமாரியில் தங்குகின்றன.

இரவுண்ணாமை முதற்கேள்வி. பகலவன் மறைந்த பின் நீரும் அருந்தாதவர் இரவு வேளை மாத்திரையை விட்டுவிடுகின்றனர். மருத்துவரிடம் சொல்லவும் நாணுகின்றனர். சொல்லிவிட்டால் வழி பிறக்கும். நாளுக்கு இருவேளை மருந்தாயின், கதிரவன் எழுந்ததும் ஒன்று, மாலை உணவோடு கதிரவன் மறையுமுன் ஒன்று எனப் பகற்பொழுதுக்குள்ளேயே ஏறத்தாழ பதினொரு மணி இடைவெளி கிடைக்கும். பெரும்பாலும் அது போதும். அமாக்சிசிலின், கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரையை உணவின் தொடக்கத்தில் உண்டால் வயிற்றுத் தொல்லை குறையும். மாலை உணவோடு அது நன்கு பொருந்தும். செபலெக்சின் போன்று மூன்று நான்கு வேளை உண்ண வேண்டியதாயின், வேறு மருந்து உண்டா என்று முதல்நாளே கேட்க வேண்டும். வேறு வழி இல்லையெனில் நோய்க்காலத்து விலக்கைப் பெரியோரிடம் கேட்டுப் பெறுவதே முறை. மறைவாக வேளையை விடுவது முறையன்று.

உபவாசம் அடுத்த கேள்வி. சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு உண்ணாதிருந்தால் சர்க்கரை அளவு ஆபத்தான நிலைக்குத் தாழும். லெவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், கோ-ட்ரைமாக்சசோல் ஆகியவை உடன் சேர்ந்தால் அந்த ஆபத்து மேலும் கூடும். டாக்சிசைக்ளின் உண்போர் ஒரு குவளை நிறைய நீர் பருகி, அரைமணி நேரமேனும் படுக்காதிருக்க வேண்டும். இன்றேல் உணவுக்குழாய் புண்ணாகும். நீரும் அருந்தா நோன்பில் இது இயலுமா? பாலோடும், சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளோடும் டாக்சிசைக்ளினையோ சிப்ரோஃப்ளாக்சசினையோ உண்டால் மருந்து குடலில் ஏறுவது குறையும். பாரணையில் பாலோடு அதை விழுங்குவதும் பயனைக் குறைக்கும். பதினாறு பாவனைகளுள் ஒன்று சக்திக்கேற்ற தவம். ‘சக்திக்கேற்ற’ என்னும் அடைமொழியைப் பெரியோர் வீணாக வைக்கவில்லை. ஆறாத புண்ணுடையார்க்கு அப்பதினான்கு நாளும் வேளை தவறாமையே தவம்.

உறை மாத்திரை மூன்றாம் கேள்வி. பல மருந்துகளின் உறை விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனது. இதை அறிந்து மனம் கூசிப் பலர் பாதியில் விடுகின்றனர். அக்கூச்சம் மதிக்கத்தக்கது, ஆனால் அதற்கு விடை நிறுத்துவதன்று, மாற்றுக் கேட்பது. பல மருந்துகள் உறையின்றி வெறும் மாத்திரையாகவும் கிடைக்கின்றன. தாவரப் பொருளால் ஆன உறைகளும் உண்டு. சீட்டு எழுதும்போதே ‘விலங்குப் பொருள் இல்லாத வடிவம் வேண்டும்’ என்று சொல்லிவிட வேண்டும். கேளாமல் உறையைப் பிரித்துத் தூளை நீரில் கலக்குவது தவறு.

எல்லாவற்றினும் ஆழ்ந்த கேள்வி ஒன்று உண்டு: நுண்ணுயிரைக் கொல்லும் மருந்தை அகிம்சை நெறியினர் உண்ணலாமா? துறவியின் மகாவிரதம் வேறு, இல்லறத்தாரின் அணுவிரதம் வேறு. கொல்லவே கருதிக் கொல்லும் சங்கற்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் துறக்க வேண்டும். தற்காப்பில் நேரும் விரோதி இம்சை இல்லறத்தில் முற்றும் தவிர்க்க இயலாதது என அறநூலார் பிரித்துக் காட்டினர். காலைக் காக்க உண்ணும் மருந்து இரண்டாவதைச் சார்ந்தது. அன்றியும், கணக்கிட்டுப் பார்த்தால் மருந்தைப் பாதியில் விடுவதே மிகுந்த இம்சைக்கு வழி. தொற்று மீண்டால் மேலும் வலிய மருந்து, மேலும் நெடுநாள், ஒருகால் அறுவையும் நேரும். தேவையின்றி உண்ணாமையும், தேவைக்கு உண்ணத் தொடங்கியதைத் தவறாமையும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே இங்கு அகிம்சை.

மறதியைப் பற்றியும் கூற வேண்டும். மருந்தை மறப்பது படியாதவர் குறை என்று படித்தவர் கருதுவர். 2003இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, வளர்ந்த நாடுகளிலேயே நெடுநாள் நோய்க்கு மருந்து உண்போரில் சராசரியாகப் பாதிப்பேரே ஒழுங்காக உண்கின்றனர் என்றது. இதற்குத் தமிழகமே உலகிற்கு ஒரு பாடம் தந்துள்ளது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. காசநோயாளிகளைச் சானடோரியத்தில் வைத்தும், அவரவர் எளிய வீட்டிலேயே இருக்கச் செய்தும் ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டு, 1959இல் முடிவை வெளியிட்டனர். வீட்டில் இருந்தோரும் ஏறத்தாழ ஒத்த பலன் பெற்றனர். அந்த ஆய்வாளர் நோயாளியின் சொல்லை மட்டும் நம்பவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்சென்றதா என்று பார்த்தனர். தாமே உண்பதில் ஒழுங்கின்மை எளிதில் நேர்கிறது என்று கண்டதால்தான், கண்முன் விழுங்கச் செய்யும் முறை பின்னர் உலகெங்கும் பரவியது. நோய் வேறாயினும் பாடம் ஒன்றே: மருந்துக்கு ஒரு துணைவர் வேண்டும்.

அத்துணைவர் வீட்டிலேயே இருக்கிறார். நோயுற்றார்க்குப் பணிசெய்தலாகிய வையாவிருத்தியத்தை அகத்தவங்களுள் ஒன்றாக வைத்தது சமணம். முனிவர்க்குரிய அத்தொண்டின் நிழலை இல்லத்து முதியோர்க்கும் அளிக்கலாம். பேரன் ஒருவன் நாட்காட்டியில் வேளைக்கு ஒரு கோடு இழுக்கட்டும். மருமகள் நாள்தோறும் பகல் வெளிச்சத்தில் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கட்டும். மகன் பயணத்திற்கு முன் மாத்திரை எத்தனை நாளுக்கு உள்ளது என்று எண்ணட்டும். மாட்டுத்தாவணியில் பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் பை கையருகே இருக்க வேண்டும். பேருந்தின் அடியிலுள்ள சாமான் அறையில் மருந்து போகக் கூடாது. கிளாவுலானிக் அமிலம் ஈரத்தில் கெடும். ஆகவே மாத்திரையைக் கீற்றிலிருந்து பிதுக்கி டப்பாவில் நிரப்பாமல், கீற்றோடு வெட்டி வைத்துக்கொள்க. ஒரு வேளை மறந்தால் நினைவு வந்தவுடன் உண்க. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுக. இரண்டை ஒன்றாக விழுங்கற்க.

வயிற்றுப்போக்கு, வாந்தி, தோலில் தடிப்பு வந்தால் தாமே நிறுத்தி மௌனமாயிராமல் அன்றே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அடுத்த மாத்திரையை உண்ணாமல் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். லினசோலிட் இரண்டு வாரத்திற்கு மேல் தொடர்ந்தால் இரத்த அணுக்களைச் சோதித்துக்கொள்ள வேண்டும். மருந்து உண்ணும்போதே புண்ணைச் சுற்றிய சிவப்பு இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் பரவினாலும், நாற்றம் எழுந்தாலும், விரல் கறுத்தாலும், குளிர்காய்ச்சல் கண்டாலும், காரணமின்றிச் சர்க்கரை ஏறினாலும் மறுநாள் என்று ஒத்திவைக்கலாகாது. அரசு மருத்துவமனைகளில் இதற்குச் செலவின்றி மருத்துவம் கிடைக்கிறது. மக்களைத் தேடி மருத்துவம் என்னும் அரசுத் திட்டம் 2021 முதல் சர்க்கரை நோய்க்குரிய மருந்தை இல்லத்திற்கே கொண்டுவருகிறது.

மலைப் பயணத்தைப் பற்றி ஒரு சொல். கால் உணர்விழந்தோர் யானைமலையையோ சமணர்மலையையோ தொழ வேண்டாம் என்பதன்று. அடியிலிருந்து தொழலாம், ஏற இயன்றால் வெயிலுக்கு முன் தக்க காலணியோடு ஏறி, திருவுருவங்களுக்கு எட்டியே நின்று காலணியோடு கைகூப்பலாம். மரியாதை உள்ளத்தில் இருக்கிறது. வெந்த பாதத்தில் இல்லை.

அந்தப் பெரியவரிடம் மீண்டும் வருவோர் வருக. எட்டாம் நாள் அலமாரியைத் திறந்து, கீற்றில் ஒன்பது நாள் மாத்திரை மிஞ்சியிருப்பதை அவர் மருமகள் காண்கிறாள். கடிந்துகொள்ளவில்லை, கீற்றைக் கொண்டுவந்து அவர் முன் வைத்து, “மாமா, நோன்பு எடுத்தால் நடுவில் விடுவீர்களா?” என்று மட்டும் கேட்கிறாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்பு மருத்துவருக்குத் தொலைபேசியில் உள்ளதை உள்ளபடி சொல்லும்படி அவளிடமே கூறுகிறார். இத்தனை வேளை விட்டேன் என்று ஒளியாமல் சொன்ன அந்த வாய்மையே அவர் காலுக்கு முதல் மருந்து. அவர் சொன்னால்தான் மருத்துவர் அடுத்த முளையை எங்கே அடிப்பது என்று அறிவார்.

இவ்விழாவிலிருந்து இல்லம் திரும்பும் ஒவ்வொருவரும் தம் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்க. பாதியில் நின்ற கீற்று ஒன்று இருந்தால், அது யாருடையது, ஏன் நின்றது என்று அன்போடு கேட்க. அந்த ஒரு கேள்வி ஒரு காலைக் காக்கக்கூடும்.

அறம் வளர்க. அருகன் நெறி ஓங்குக. ஜெய ஜினேந்திரா.